விஎஃப்டி டிரைவுக்குப் பெட்டியும் வயரிங்கும் தேர்வு செய்வது எப்படி?

விஎஃப்டி என்பது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ். அதை வாங்குபவர்களின் கவனம் பெரும்பாலும் டிரைவ் மேலேயே இருக்கும். எத்தனை கிலோவாட், எந்த மாடல், என்னென்ன வசதி என்று நாள்கணக்கில் அலசுவார்கள். அதை வைக்கும் பெட்டியையும் அதற்குப் போகும் வயர்களையும் கடைசி நேரத்தில் கைக்குக் கிடைப்பதை வைத்து முடித்துவிடுவார்கள். ஆனால் அந்த டிரைவ் பத்து வருடம் ஓடுமா, இரண்டாவது கோடையிலேயே நின்றுவிடுமா என்பது பெரும்பாலும் இந்தப் பெட்டியையும் வயரையும் பொறுத்ததுதான்.

சாதாரண ஸ்டார்ட்டர் பேனல் கட்டிப் பழகியவர்கள் இங்கே புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. ஸ்டார்ட்டர் பேனல் அவ்வளவாகச் சூடாகாது. டிரைவோ ஓடுகிற நேரமெல்லாம் வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். ஸ்டார்ட்டர் வழியாக மோட்டாருக்குப் போவது லைனில் வரும் அதே சைன் அலை. டிரைவ் அனுப்புவது அதிவேகமாக வெட்டப்பட்ட மின்னழுத்தத் துண்டுகள். பெட்டி பற்றிய முடிவுகள் பெரும்பாலும் முதல் காரணத்திலிருந்து வருகின்றன, வயர் பற்றியவை இரண்டாவதிலிருந்து. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

டிரைவுக்குள் நடப்பது

400 வோல்ட் மூன்று ஃபேஸ் சப்ளை உள்ளே வந்ததும் டயோடுகள் அதை டிசியாக மாற்றுகின்றன. அந்த டிசியைப் பெரிய கெபாசிட்டர்கள் தேக்கி வைக்கின்றன. அங்கே மின்னழுத்தம் சுமார் 565 வோல்ட் இருக்கும், அதாவது 400-ஐ 1.414-ஆல் பெருக்கினால் வருவது. அப்புறம் ஐஜிபிடி என்ற ஆறு மின்னணு சுவிட்சுகள் அந்த டிசியை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி மோட்டாருக்கு அனுப்புகின்றன. துண்டுகளின் அகலத்தைக் கூட்டியும் குறைத்தும் அனுப்புவதால், மோட்டாரின் சுருளில் ஓடும் கரண்ட் கிட்டத்தட்ட சைன் அலைபோலவே ஆகிவிடுகிறது. அந்த அலையின் ஹெர்ட்ஸை மாற்றினால் வேகம் மாறும்.

ஐஜிபிடி ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் கொஞ்சம் சக்தி வெப்பமாக வீணாகிறது. டயோடுகளிலும் அப்படித்தான். மொத்தத்தில், முழு லோடில் டிரைவின் திறனில் 2 முதல் 4 சதவீதம் வரை வெப்பமாகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சரியான எண் டிரைவின் மேனுவலில் வாட் கணக்கில் இருக்கும். பெட்டி தேர்வு செய்ய உட்காரும்போது முதலில் தேட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

டிரைவின் அளவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டிக்கு வருகிறேன். கிலோவாட்டையோ ஹெச்பியையோ வைத்து டிரைவ் எடுக்காதீர்கள். மோட்டார் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியரை வைத்து எடுங்கள். ஒரே 7.5 கிலோவாட் என்றாலும் 8 போல் (காந்த முனை) உள்ள மோட்டார் 4 போல் உள்ள மோட்டாரைவிட அதிக ஆம்பியர் இழுக்கும். பம்பு, ஃபேன் போன்றவற்றுக்கு லேசான வேலைக்கான ரேட்டிங் போதும். கன்வேயர், கிரஷர் போல முழு லோடுடன் கிளம்ப வேண்டியவற்றுக்கு, 60 நொடி நேரம் 150 சதவீதம் தாங்கும் கனமான வேலைக்கான ரேட்டிங் பார்க்க வேண்டும்.

ஐபி எண்ணும் அதன் மறுபக்கமும்

பெட்டியின் காப்பை ஐபி எண் சொல்கிறது. முதல் இலக்கம் தூசி போன்ற திடப்பொருளுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. பேனலுக்குள் வைக்கிற டிரைவுகள் பெரும்பாலும் ஐபி 20: விரல் உள்ளே போகாது, தண்ணீருக்கு எந்தக் காப்பும் இல்லை. ஐபி 54 பெட்டியில் கெடுதல் செய்யும் அளவுக்குத் தூசி புகாது, எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். ஐபி 65-இல் தூசி அறவே புகாது, ஹோஸ் பைப்பால் அடித்தாலும் தாங்கும். ஐபி 66 அதைவிடப் பலமான பீச்சலையும் தாங்கும். வட அமெரிக்கப் பெட்டிகளில் இதற்குப் பதிலாக நெமா வகை எண் இருக்கும். உட்புறத் தூசிக்கும் எண்ணெய்ச் சொட்டுக்கும் வகை 12, தண்ணீர் அடித்துக் கழுவும் இடத்துக்கு வகை 4, அரிக்கும் சூழலுக்கு 4எக்ஸ்.

எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று தோன்றும். டிரைவைப் பொறுத்தவரை அது அப்படியல்ல. தூசியும் தண்ணீரும் உள்ளே வராதபடி மூடினால், வெப்பமும் வெளியே போகாது. அதனால் "இந்த இடத்துக்குக் குறைந்தது எவ்வளவு காப்பு வேண்டும்" என்று கேட்டு அந்த அளவோடு நிற்பதே நல்லது. சுத்தமான மின் அறைக்குள் ஐபி 65 பெட்டி வைப்பது டிரைவுக்குச் செய்யும் உபகாரம் அல்ல.

இன்னொன்று, ஐபி எண் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வரும்போது இருந்த நிலைக்கு உரியது. நீங்கள் போடும் ஒவ்வொரு ஓட்டையும் அதை மாற்றும். ஐபி 65 பெட்டியில் ஐபி 54 ஃபேன் ஃபில்டரைப் பொருத்தினால், அது இனி ஐபி 54 பெட்டிதான். கேபிள் கிளாண்ட், இண்டிகேட்டர் லேம்ப், கதவில் வைக்கும் கீபேட் எல்லாம் அதே அளவு காப்புள்ளவையா என்று பார்க்க வேண்டும்.

பெட்டி எந்தப் பொருளில்? பெரும்பாலான இடங்களுக்குப் பெயிண்ட் அடித்த இரும்புத் தகடு போதும். அரிப்புள்ள இடத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பிளாஸ்டிக் பெட்டி டிரைவுக்கு ஒத்துவராது: வெப்பத்தை நன்றாகக் கடத்தாது, ரேடியோ இரைச்சலையும் தடுக்காது. உள்ளே மாட்டும் பேக் பிளேட் மட்டும் பெயிண்ட் இல்லாத, துத்தநாகம் பூசிய தகடாக இருக்கட்டும். காரணம் எர்த் பற்றிப் பேசும்போது புரியும்.

வெப்பக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

7.5 கிலோவாட் டிரைவ். 3 சதவீத இழப்பு என்றால் 225 வாட். சுவரில் மாட்டும் இரும்புப் பெட்டி, உயரம் 800 மில்லிமீட்டர், அகலம் 600, ஆழம் 300. கண்ணுக்குப் பெரிய பெட்டியாகத்தான் தெரியும். ஃபேன் இல்லாமல் மூடி வைத்தால் போதுமா?

சுவரோடு ஒட்டிய முதுகும் அடிப்பக்கமும் வெப்பத்தை அவ்வளவாக வெளியேற்றாது என்று விட்டுவிடுவோம். முன்பக்கம் 0.48 சதுர மீட்டர், இரண்டு பக்கவாட்டும் சேர்ந்து 0.48, மேல்பக்கம் 0.18. கூட்டினால் 1.14. பெயிண்ட் அடித்த இரும்புத் தகடு, ஒரு சதுர மீட்டருக்கு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 5.5 வாட் வெளியேற்றும். ஆக, 225-ஐ 5.5-ஆலும் 1.14-ஆலும் வகுத்தால் கிட்டத்தட்ட 36 டிகிரி வருகிறது. வெளியே 35 டிகிரி என்றால் பெட்டிக்குள் 71.

பெரும்பாலான டிரைவுகள் முழுத் திறனுடன் ஓட 40 டிகிரி வரைதான் அனுமதி. அதற்கு மேல் 50 வரை ஆம்பியரைக் குறைத்து ஓட்டலாம் என்று மேனுவலில் ஓர் அட்டவணை இருக்கும். 71 டிகிரியில் டிரைவ் அதிக வெப்பம் என்று காட்டி நிற்கும். சில நாள் நிற்காமல் ஓடினாலும் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் தேய்ந்துகொண்டிருக்கும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் பயன்படுத்தும் கணக்கு.

சரி, ஃபேன் வைப்போம். உள்ளே 10 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது, அதாவது 45-இல் நிறுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 10 டிகிரி வித்தியாசத்தில் பெட்டியின் தகடே சுமார் 63 வாட்டை வெளியேற்றிவிடும். மீதி 162 வாட். கடல் மட்டத்தை ஒட்டிய இடத்தில் தேவையான காற்றோட்டம் கண்டுபிடிக்க எளிய சூத்திரம் உண்டு: வாட்டை 3.1-ஆல் பெருக்கி, அனுமதிக்கும் டிகிரியால் வகுக்க வேண்டும். 162 பெருக்கல் 3.1 வகுத்தல் 10, ஏறத்தாழ மணிக்கு 50 கன மீட்டர். ஆனால் ஃபேன் மேல் எழுதியிருக்கும் எண் தடையில்லாமல் வீசும்போது வருவது. ஃபில்டர் பஞ்சு, வெளியேறும் கிரில், கொஞ்சம் படிந்த தூசி எல்லாம் சேர்ந்து அதைக் கணிசமாகக் குறைத்துவிடும். அதனால் மணிக்கு 100 கன மீட்டர் ஃபேன் எடுப்பேன். பிறகு 45 டிகிரியில் அந்த டிரைவ் எத்தனை ஆம்பியர் தரும் என்று மேனுவலில் பார்த்து, மோட்டாருக்குப் போதாவிட்டால் அடுத்த அளவு டிரைவுக்குப் போவேன்.

ஃபேனைக் கீழே வைத்து வெளிக்காற்றை ஃபில்டர் வழியாக உள்ளே தள்ளுங்கள். வெளியேறும் கிரில் எதிர்ப்பக்கத்தில் மேலே இருக்கட்டும். உள்ளே தள்ளும்போது பெட்டிக்குள் காற்றழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், இடுக்குகள் வழியாகத் தூசி புகாது. மேலே வைத்து உறிஞ்சினால் நேர்மாறு: ஃபில்டர் இல்லாத ஒவ்வொரு சந்திலிருந்தும் தூசியை இழுக்கும். ஃபில்டர் பஞ்சைச் சுத்தம் செய்ய ஆளும் தேதியும் குறித்து வைக்காவிட்டால் இந்தக் கணக்கு எல்லாமே வீண்.

டிரைவின் மேலும் கீழும் மேனுவல் சொல்லும் இடைவெளியைக் காலியாக விடுங்கள். பல மாடல்களுக்கு அது 100 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். வயர் டக்ட்டை டிரைவின் மூக்குக்கு நேராக ஓட்டுவதும், ஒரு டிரைவின் சூடான காற்று அடுத்த டிரைவுக்குள் போகும்படி ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டுவதும் கூடாது.

மாவு, பஞ்சு, சிமெண்ட் தூள் பறக்கும் இடத்தில் வெளிக்காற்றை உள்ளே விடவே முடியாது. அங்கே வேறு வழிகள் உண்டு. ஹீட்சிங்க் பகுதி பெட்டியின் முதுகு வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மாட்டும் டிரைவுகள் கிடைக்கின்றன. வெப்பத்தின் பெரும்பகுதி பெட்டிக்குள் வராமலே போய்விடும். உள்காற்றும் வெளிக்காற்றும் கலக்காத ஹீட் எக்ஸ்சேஞ்சர், பேனல் ஏசி ஆகியவையும் உண்டு. இவற்றுக்கெல்லாம் முன்பு, ஐபி 55 அல்லது ஐபி 66 உடம்போடே வரும் டிரைவை மோட்டார் பக்கத்தில் நேரடியாக மாட்ட முடியுமா என்று யோசியுங்கள். ஒரே ஒரு மோட்டார் என்றால் பல சமயம் அதுதான் எளிமையான விடை, மோட்டார் கேபிளும் குட்டையாகும்.

கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கு மேலே போனால் காற்று மெலிந்து குளிர்ச்சி குறையும். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1 சதவீதம் ஆம்பியரைக் குறைத்துக்கொள்வது பொதுவான கணக்கு. மோட்டாரை வேகமாக நிறுத்தும்போது திரும்பி வரும் சக்தியை எரிக்கும் பிரேக்கிங் ரெசிஸ்டர் இருந்தால், அதைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். வேலை செய்யும்போது அது தொட முடியாத அளவுக்குச் சுடும்.

சப்ளை பக்கம்

டிரைவில் ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கிறதே, பிரேக்கர் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு மோட்டார் பக்கத்துக்கானது. டிரைவுக்குள்ளேயே டயோடோ ஐஜிபிடியோ உடைந்தால், சப்ளையிலிருந்து பாயும் கரண்ட்டை வெளியில் இருக்கும் ஃபியூஸ் அல்லது பிரேக்கர்தான் நிறுத்த வேண்டும். மேனுவல் குறிப்பிட்ட ஃபியூஸ் வகையைச் சொன்னால் அதையே போடுங்கள். பிரேக்கரின் முறிக்கும் திறன், அந்த இடத்தில் வரக்கூடிய ஷார்ட் சர்க்யூட் கரண்ட்டைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

காண்டாக்டர் அவசரத்தில் சப்ளையைத் துண்டிக்கப் பயன்படும். மோட்டாரை ஓட்டி நிறுத்த அதைப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு தடவை சப்ளை வரும்போதும் கெபாசிட்டர்கள் ஒரு ரெசிஸ்டர் வழியாக நிரம்புகின்றன; அடிக்கடி ஆன் ஆஃப் செய்தால் அந்த ரெசிஸ்டர் எரிந்துவிடும். ஓட்ட, நிறுத்த கண்ட்ரோல் டெர்மினல்கள் இருக்கின்றன.

லைன் சோக், அதாவது சப்ளை வயரில் தொடராகப் போடும் சுருள், பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் மிச்சப்படுத்த முதலில் கைவிடப்படுவது அதுதான். டயோடுகள் சப்ளையிலிருந்து கரண்ட்டைச் சீராக எடுப்பதில்லை, மின்னழுத்தத்தின் உச்சியில் மட்டும் குத்துக்குத்தாக உறிஞ்சுகின்றன. அதனால் 5-ஆவது, 7-ஆவது ஹார்மோனிக்ஸ், அதாவது சப்ளையின் ஹெர்ட்ஸைப்போல 5, 7 மடங்கு வேகமான அலைகள், சப்ளையில் கலக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மரும் கேபிளும் தேவையில்லாமல் சூடாகின்றன. 3 சதவீத சோக் ஒன்றைத் தொடரில் போட்டால் அந்தக் குத்துகள் பரந்து தணிகின்றன, சப்ளையில் வரும் திடீர் ஏற்றங்களிலிருந்தும் டிரைவுக்குக் காப்பு கிடைக்கிறது. டிரைவுக்குள்ளேயே டிசி சோக் இருந்தால் தனியாக வேண்டியிருக்காது. வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். சோக்கும் சூடாகும், அதன் வாட்டையும் மேலே போட்ட வெப்பக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எர்த் லீக்கேஜ் பிரேக்கர் போட வேண்டிய இடமென்றால் வகை முக்கியம். மூன்று ஃபேஸ் டிரைவில் பழுது ஏற்பட்டால் எர்த்துக்குக் கசிவது சீரான டிசியாக இருக்கலாம். வகை ஏசி, வகை ஏ பிரேக்கர்களால் அதை உணர முடியாது. வகை பி-தான் சரி.

மோட்டார் கேபிள்

எல்லாவற்றிலும் அதிகம் சிக்கல் கிளப்புவது இந்தக் கேபிள்தான். ஐஜிபிடி ஒரு மைக்ரோ நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் 0-விலிருந்து 565 வோல்ட்டுக்குத் தாவும். இவ்வளவு செங்குத்தான அலை கேபிளில் ஓடி மோட்டாரில் மோதும்போது திரும்பி எதிரொலிக்கிறது. தண்ணீர் வேகமாக ஓடும் குழாயில் வால்வைச் சட்டென்று மூடினால் அழுத்தம் எகிறிக் குழாய் அதிர்வதுபோல, மோட்டார் முனையில் மின்னழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகி 1100 வோல்ட்டைத் தொடும். 15, 20 மீட்டர் கேபிளிலேயே இது முழு அளவில் நடக்கலாம். இன்வெர்ட்டருக்கென்றே செய்யப்பட்ட மோட்டார்களின் காப்பு இதைத் தாங்கும். பழைய மோட்டார், பலமுறை ரீவைண்ட் செய்த மோட்டார் என்றால் சுருளின் முதல் சில சுற்றுகளில் காப்பு பொத்துப்போகும்.

அதனால் கேபிளை முடிந்தவரை குட்டையாக வையுங்கள். நீளம் தவிர்க்க முடியாவிட்டால் டிரைவின் வெளியீட்டில் அவுட்புட் சோக் அல்லது டிவி பை டிடி ஃபில்டர் போடலாம். இவை அலையின் செங்குத்தைக் குறைக்கும். மிக நீளமான கேபிளுக்கு, உதாரணமாக ஆழ்துளைக் கிணற்றுப் பம்புக்கு, சைன் ஃபில்டர் நல்லது. மோட்டார் காதில் விழும்படி இரைந்தால் கேரியர் ஹெர்ட்ஸை, அதாவது ஐஜிபிடி நொடிக்கு எத்தனை தடவை வெட்டுகிறது என்பதை, கூட்டத் தோன்றும். கூட்டினால் இரைச்சல் குறையும், ஆனால் டிரைவின் வெப்பமும் கசிவு கரண்ட்டும் கூடும். தேவையில்லாமல் அதைத் தொடாதீர்கள்.

கேபிள் ஷீல்டு உள்ளதாக, மூன்று ஃபேஸும் சமச்சீராக அமைந்ததாக இருக்க வேண்டும். ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் செய்யுங்கள். எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஷீல்டைப் பிரித்து முறுக்கி, ஒரு வாலாக்கி, லக் வைத்து எர்த் பாரில் மாட்டுவது பலருக்கும் பழக்கம். மல்டிமீட்டரில் பார்த்தால் தொடர்பு சரியாகவே காட்டும். ஆனால் மெகாஹெர்ட்ஸ் அலைகளுக்கு அந்த மெல்லிய வால் ஒரு பெரிய தடை. ஷீல்டின் முழுச் சுற்றையும் கவ்விப் பிடிக்கும் உலோக கிளாண்டோ கிளாம்போ வேண்டும். கிளாண்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட வேண்டும். பேக் பிளேட்டுக்குப் பெயிண்ட் வேண்டாம் என்றது இதற்குத்தான்: டிரைவ், ஃபில்டர், ஷீல்டு கிளாம்ப் எல்லாம் வெற்று உலோகத்தில் நேரடியாக உட்கார்ந்தால் மின் இரைச்சல் அங்கேயே சுற்றி முடிந்துவிடும்.

டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் பவர் ஃபேக்டர் கெபாசிட்டர் எக்காரணம் கொண்டும் இருக்கக் கூடாது. பழைய ஸ்டார்ட்டர் பேனலை மாற்றும்போது மோட்டார் பக்கம் மாட்டியிருந்த கெபாசிட்டரைக் கழற்ற மறந்தால் டிரைவின் ஐஜிபிடி போய்விடும். மோட்டார் அருகே ஐசொலேட்டர் வைப்பதாக இருந்தால், முன்கூட்டியே திறக்கும் துணைக் காண்டாக்ட் உள்ளதாக வாங்கி, அதை டிரைவின் எனேபிள் டெர்மினலில் இணையுங்கள். ஓட்டத்தில் யாராவது திருப்பினாலும் மெயின் காண்டாக்ட் திறப்பதற்குள் டிரைவ் நின்றிருக்கும்.

பெரிய மோட்டார்களில் இன்னொரு தொல்லை உண்டு. டிரைவின் வெட்டுகளால் ஷாஃப்ட்டில் மின்னழுத்தம் தேங்கி, பேரிங் வழியாகத் தீப்பொறியாக எர்த்துக்கு இறங்கும். பேரிங்கின் ஓடுபாதையில் வரிவரியாகக் கோடு விழும். காப்பிடப்பட்ட பேரிங், ஷாஃப்ட் எர்த்திங் ரிங் ஆகியவை இதற்கான வழிகள். நல்ல ஷீல்டு கேபிளும் தொல்லையைக் குறைக்க உதவும்.

எர்த்தும் கண்ட்ரோல் வயரும்

மின் இரைச்சலைத் தடுக்கும் ஃபில்டர் உள்ள டிரைவில் எர்த்துக்குக் கசிவு இயல்பாகவே இருக்கும். அது 3.5 மில்லி ஆம்பியரைத் தாண்டினால், எர்த் வயர் குறைந்தது 10 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்க வேண்டும், அல்லது இரண்டாவது எர்த் வயர் ஒன்று ஓட வேண்டும் என்பது சர்வதேச விதி. ஒரு வயர் அறுந்துபோனால் டிரைவின் உடம்பே மின்சாரம் பாயும் பொருளாகிவிடும், அதனால்தான் இந்தக் கண்டிப்பு. பெட்டிக் கதவுக்கு உருண்டை வயரைவிடத் தட்டையான பின்னல் பட்டை நல்லது. உயர் ஹெர்ட்ஸுக்கு அதுதான் குறைந்த தடை.

கண்ட்ரோல் வயர்கள் முறுக்கிய, ஷீல்டு உள்ள ஜோடியாக இருக்கட்டும். டிரைவுக்கு வேகம் சொல்லும் 4–20 மில்லி ஆம்பியர் சிக்னல் மோட்டார் கேபிளோடு ஒரே டக்ட்டில் ஓடினால் வேகம் தானாக ஏறி இறங்கும். பிறகு சென்சாரைக் குறை சொல்வோம். இரண்டுக்கும் நடுவே 300 மில்லிமீட்டராவது விடுங்கள். குறுக்கே போயே ஆக வேண்டுமென்றால் 90 டிகிரியில் கடக்கட்டும். அதே பேனலில் இருக்கும் காண்டாக்டர், ரிலே காயில்களுக்கு ஏசி என்றால் ஆர்சி ஸ்னப்பர், டிசி என்றால் டயோடு போடுங்கள்.

சப்ளை கொடுக்கும் முன்

சப்ளை வயர் ஆர், எஸ், டி (அல்லது எல்1, எல்2, எல்3) டெர்மினலில் இருக்கிறதா, மோட்டாருக்கான யு, வி, டபிள்யூ டெர்மினலில் தவறி மாட்டப்படவில்லையா என்று இருமுறை பாருங்கள். மாற்றி மாட்டினால் முதல் நொடியிலேயே டிரைவ் போய்விடும். பல இழை வயர்களுக்கு ஃபெர்ரூல் அழுத்தி, மேனுவலில் உள்ள டார்க்கில் முடுக்குங்கள்.

எதையாவது திருத்த மறுபடி திறந்தால், சப்ளையை அணைத்தவுடன் கை வைக்க வேண்டாம். கெபாசிட்டரில் 565 வோல்ட் இன்னும் இருக்கும். டிரைவின் மேல் எழுதியிருக்கும் நேரம், பொதுவாக 5 நிமிடம் அல்லது கூடுதல், காத்திருந்து, டிசி டெர்மினல்களை மீட்டரில் அளந்து பார்த்த பிறகே தொடுங்கள். மோட்டார் கேபிளுக்கு மெக்கர் வைத்துக் காப்பைச் சோதிப்பதாக இருந்தால், முதலில் மூன்று வயரையும் டிரைவிலிருந்து கழற்றிவிடுங்கள். மெக்கரின் மின்னழுத்தம் டிரைவுக்குள் போனால் ஐஜிபிடி தாங்காது.